சர்வர் மேல் சாணிப்பால்

கும்பகோணத்தில் காலை எட்டரை மணிப் பேருந்து. குடவாசலுக்குப் பதினேழு கிலோமீட்டர், ஆறு ரூபாய் டிக்கெட். நிலப் பதிவேடுகள் கணினிக்கு மாறிய புதிது. பழுதான சர்வரைப் பார்க்கச் சென்னையிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். தை மாதம். பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் வளைத்து வளைத்து ஓட்டினார். "நெல்லு மேல ஏத்தினா ஊரே திரண்டு வந்துடும் சார்!"

ஒன்பதரைக்கு அலுவலகம். அதன் பெயர் வேண்டாம். வாசலில் செல்லம்மா என்ற நடுவயதுப் பெண் மூன்றாம் நாளாகக் காத்திருந்தார். நில உச்சவரம்புச் சட்டத்தில் அவருக்குக் கிடைத்த ஒரு ஏக்கரைத் தங்களுடையது என்று பழைய மிராசுதார் குடும்பம் வழக்குப் போட்டிருந்தது. மறுநாள் திருவாரூர் கோர்ட்டில் அவர் சிட்டா நகலைக் காட்டியாக வேண்டும். இனி வாய்தா கிடையாது. கையால் எழுதித் தரக்கூடாதென்று உத்தரவு.

"மிஷினு பத்து நிமிஷம் ஓடுது, படுத்துக்குது. நாங்க எங்கங்க போறது?" என்றார்.

பத்து மணிக்கு ஆரம்பித்தேன். முதல் சந்தேகம் மின்சாரம். அளந்தேன், குறையில்லை. பின்பக்கம் செருகும் பவர் சப்ளையை மாற்றினேன். பத்தாவது நிமிடம் மறுபடி அணைந்தது. மூடியைத் தொட்டால் தோசைக்கல்லாகச் சுட்டது. அப்போதுதான் பக்கவாட்டில் காய்ந்துபோன பச்சைப் பூச்சைக் கவனித்தேன். காற்றுத் துளைகள் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை.

"இது என்ன?"

"சாணிப்பால் குறிங்க," என்றார் அலுவலக உதவியாளர் கோவிந்தராசு. முன்பு நெல் களத்தில் காவல் இருந்தவர். "நெல்லு அம்பாரத்துல போடுவோம்ல, அதுதான். யாராவது கை வெச்சா கலைஞ்சு காட்டிக்கொடுத்துடும். உள்ள பேரை மாத்திடுவாங்கன்னு ஊர்ல பேச்சு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை புதுசாப் போட்டுடுவேன்."

சிரிப்பு வந்தது. வெளியே செல்லம்மா முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. மூடியைக் கழற்றப் போனேன். கோவிந்தராசு கையைப் பிடித்தார். "ரெண்டு தரப்பும் நிக்காம குறியைக் கலைக்கக்கூடாதுங்க."

மிராசுதாரின் காரியஸ்தரும் நகல் வாங்க வந்திருந்தார். துணை தாசில்தார் தலையாட்ட, காரியஸ்தர் ஒரு பக்கமும் செல்லம்மா மறுபக்கமும் நின்றார்கள். இப்படியொரு சபையில் நான் திருப்புளி பிடித்ததே இல்லை.

உள்ளே விசிறியில் சாணிப் பொருக்கும் பக்கத்துக் கொள்முதல் நிலையத்து நெல் தூசியும் அடைத்து, அது சுற்றவே முடியாமல் நின்றிருந்தது. சுத்தம் செய்தேன். இயக்கினால் பீப் பீப்பென்று கூவியது, திரை வரவில்லை. மெமரி அட்டைகளைக் கழற்றி, குமாஸ்தாவிடம் ரப்பர் வாங்கி, செப்புப் பற்களைத் தேய்த்துத் திரும்பப் பொருத்தினேன். திரை வந்தது. பத்து நிமிடம் கடந்தது. இருபது ஆனது. அணையவில்லை.

பிரிண்டரிலிருந்து வந்த தாளைக் காரியஸ்தர் முதலில் எடுத்தார். சர்வே எண்ணைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார். "செல்லம்மான்னுதான் இருக்கு," என்று சொல்லி அவரிடமே கொடுத்தார்.

சென்னை திரும்ப நான் ஏறிய மாலை நான்கு மணித் திருவாரூர் பேருந்தில் செல்லம்மா எனக்கு முன் இருக்கை. நகலில் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். முடித்ததும் மறுபடி மேலிருந்து ஆரம்பித்தார். என் சென்னை வீட்டுப் பத்திரம் பீரோவில் இருக்கிறது. பதிவு செய்த நாளோடு சரி, பிரித்ததில்லை. அதில் என் பெயர் இல்லாமல் போகக்கூடும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.