தானியக் கோபுரம் தாண்டும் வரை

ஸ்டானெக் ஊரில் மார்லா குசெராவுக்குத் தெரியாத ரகசியம் கிடையாது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளிடம் எதைத்தான் மறைக்க முடியும்? பிள்ளை காலையில் படியேறுகிற விதத்திலேயே நேற்று ராத்திரி அந்த வீட்டில் சண்டை நடந்ததா, அப்பா வேலை போய் உட்கார்ந்திருக்கிறாரா என்று சொல்லிவிடுவாள். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்கிற கதையாக, தன் சொந்த வண்டியில் தன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்த மகனைத்தான் அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

மகன் கீட்டன் பேஸ்பாலில் கேட்சர். மட்டை பிடிப்பவனின் முதுகுக்குப் பின்னால், முகமூடி மாட்டிக்கொண்டு, மண்ணில் குந்தியிருந்து பந்து பிடிக்கிற வேலை. எட்டு வயதில் குந்தினான். பள்ளியில் கடைசிக்கு முந்தைய வருடம் வரை குந்திக்கொண்டே இருந்தான். குசெரா குடும்பத்துக்குக் கோடை என்றால் ஏரி இல்லை, மலை இல்லை, மாமா வீடு இல்லை. ஒமாஹாவில் ஒரு டோர்னமென்ட், கான்சாஸில் ஒரு டோர்னமென்ட், நடுவே பெட்ரோல் பங்கில் ஹாட்டாக். வண்டி சீட்டுக்கு அடியில் கூட்டக் கூட்டச் சூரியகாந்தி விதைத் தோல் வந்துகொண்டே இருக்கும். எல்லாம் எதற்கு? ஏதாவது ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் பார்த்து, "இந்தப் பையன் எனக்கு வேணும்" என்று சொல்லிவிட மாட்டாரா என்பதற்கு.

அந்த வண்டிக்கு ஒரு சட்டம் இருந்தது. ஆட்டம் முடிந்து வீடு திரும்பும்போது, அறுவடைத் தானியத்தைக் கொட்டி வைக்க ஊர் எல்லையில் நிற்கும் தானியக் கோபுரத்தைத் தாண்டும் வரை ஆட்டத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. பேஸ்பால் பிள்ளைகளைப் பெற்ற பல வீடுகளில் இப்படி ஏதாவது ஒரு விதி உண்டு. மற்றவர்கள் வைப்பார்கள், மீறுவார்கள். மார்லா மீறியதே இல்லை. அவள் சிறுமியாக இருந்தபோது அவளுடைய அப்பா, ஆட்டம் முடிந்த ஒவ்வொரு சாயங்காலமும் காரிலேயே அண்ணன் டென்னியை உரித்து உப்புக்கண்டம் போட்டுவிடுவார். ஒருநாள் டென்னி கையுறையைக் கழற்றி ஜன்னல் வழியாக நெடுஞ்சாலையில் எறிந்தான். அதற்கப்புறம் அவன் பந்தையே தொடவில்லை. தன் பிள்ளைக்கு அந்தக் கதி வரக் கூடாது என்று மார்லா சத்தியம் செய்யாத குறைதான்.

ஆனால் பாருங்கள், கோபுரத்தைத் தாண்டினால் அடுத்த திருப்பத்தில் வீடு. வண்டி நிற்பதற்குள் பையன் குதித்து இறங்கிச் சமையலறைக்கு ஓடிவிடுவான். கேட்க நினைத்த கேள்வியெல்லாம் அவளோடேயே தங்கிவிடும். ஆட்டத்தின் நடுவில், பந்து எறிகிற பிட்சர் தடுமாறும்போது கீட்டன் எழுந்து நடந்து போய், கையுறையால் வாயை மறைத்துக்கொண்டு அவன் காதில் ஏதோ சொல்லுவான். சொன்னதும் அந்தப் பையன் முகம் தெளிந்துவிடும். அப்படி என்னதான் சொல்லுகிறான்? அவளுக்கு எத்தனையோ வருடமாகக் கேட்க ஆசை. கேட்டதில்லை.

பனி இன்னும் கரையாத ஒரு நாளில் ஆரஞ்சுக் கரை போட்ட கவரில் ஓர் அழைப்பு வந்தது. நாட்டின் தலைசிறந்த இளம் வீரர்களில் ஒருவனாகக் கீட்டன் குசெரா தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறானாம். ஜூலையில் நெதர்லாந்தில் பயிற்சி முகாமாம். கல்லூரிகளின் கண்ணில் படுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லையாம். கட்டணமும் பயணச் செலவும் மட்டும் பெற்றோர் பொறுப்பாம். மார்லா அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். அவள் கணவன் ராட் தானியக் கிடங்கில் வேலை செய்கிறவன். அதிகம் பேசமாட்டான், பேசினால் இப்படித்தான் பேசுவான்.

"நெதர்லாந்துல மாடுதானே வளப்பாங்க? பேஸ்பால் எப்ப ஆரம்பிச்சாங்க?"

கீட்டன் அழைப்பை நிதானமாகப் படித்தான். எத்தனை நாள், எந்த ஊர், யார் யார் வருகிறார்கள் என்று ஒன்றுமே கேட்கவில்லை. "போறேம்மா" என்று மட்டும் சொன்னான். பையனுக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நாலு பேரிடம் விசாரித்துவிட்டு ஊருக்குச் சொல்லியிருக்கலாம். அதுதான் இல்லை. பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதையாக, அடுத்த ஞாயிறே தீயணைப்பு நிலையக் கூடத்தில் பான்கேக் விருந்து. ஸ்டானெக் ஊரில் யார் வீட்டுக் கூரை எரிந்தாலும், யாருக்குப் புற்றுநோய் என்றாலும், யார் பிள்ளை தூரதேசம் போனாலும் அந்தக் கூடத்தில் பான்கேக் வேகும். ஆண்கள் கல்லில் புரட்டிப் போடுவார்கள். வாசலில் ஒரு வாளி இருக்கும். சாப்பிட்டவர்கள் மனசுக்குத் தோன்றிய பணத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள். அன்றைக்கு ஊரே வந்தது. மரச்செருப்பு வாங்கி வா, சீஸ் வாங்கி வா என்று ஆளாளுக்குக் கீட்டனைக் கிண்டல் செய்தார்கள். அவன் காது சிவக்கக் காபி ஊற்றிக்கொண்டு சுற்றினான்.

வாளிப் பணத்தை எண்ணி எடுத்து வைத்த மறுநாள் பக்கத்து வீட்டு பெவ் வந்தாள். பெவ் பெல்ட்ஸ் நல்லவள். குத்திக் காட்டுகிற குணம் கிடையாது. அதனால்தான் அவள் சொன்னது இன்னும் ஆழமாகக் குத்தியது.

"மார்லா, தப்பா நெனைக்காதடி. அந்த ஆரஞ்சுக் கவர் எங்க பையன் ஓவனுக்கும் வந்திருக்கு. அனுப்பலாமான்னு உன்னைக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

ஓவன் பேஸ்பாலை விட்டு இரண்டு வருடமாகிறது. இப்போது பள்ளி பாண்டு வாத்தியத்தில் ட்ராம்போன் ஊதுகிறான். ஆடிய காலத்திலும் அவன் எறிந்த பந்து வேலி தாண்டி மாட்டின் மேல்தான் விழும். நாட்டின் தலைசிறந்த இளம் வீரன்! மார்லா குளிர்பதனப் பெட்டிக் கதவிலிருந்து அழைப்பை எடுத்து இன்னொரு தடவை படித்தாள்.

அப்புறம்தான் விசாரிக்க ஆரம்பித்தாள். பள்ளிப் பயிற்சியாளர் தோளைக் குலுக்கி, "அனுபவம்தானே" என்றார். போன வருடம் மகனை அனுப்பிய பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி போனில் வாய் நிறையப் பேசினாள். கால்வாய், சைக்கிள், நல்ல மனிதர்கள், பையன் ரெண்டு சுற்றுப் பெருத்து வந்தான். கல்லூரி யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டதும், "அது வந்து..." என்று இழுத்தாள். மார்லா தனக்குத்தானே வாதாடிப் பார்த்தாள். உலகம் பார்க்கிறதில் என்ன நஷ்டம்? தப்பில்லைதான். ஆனால் உலகம் பார்க்கப் போகிறான் என்றா ஊர்சனம் வாளியில் போட்டது? கல்லூரிக்குப் போகிறான் என்றல்லவா போட்டது? போதாததற்கு, ஜூலை முழுக்க அவன் இங்கே இல்லாவிட்டால் ஊரின் கோடைக்கால டீமுக்கு வேறு கேட்சரே கிடையாது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ராட்டிடம் புலம்பினாள். அவன் காபியை ஆற்றிக்கொண்டே, பையனைக் கேட்டாயா என்றான். அவன்தான் போறேன் என்று சொல்லிவிட்டானே என்றாள்.

மே மாதம் உள்ளூர் மைதானத்தில் ஓர் ஆட்டம். எதிரணி பிட்சரைப் பார்க்க, ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கும் சிறிய கல்லூரி ஒன்றின் உதவிப் பயிற்சியாளர் வந்திருந்தார். டிரையர் என்று பெயர். பார்வையாளர் மேல் பந்து படாமல் கட்டியிருந்த வலைக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு, வேகம் அளக்கும் கருவியோடு உட்கார்ந்திருந்தார். ஆட்டம் நடக்கும்போது பெற்றோர் கல்லூரிப் பயிற்சியாளர்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. அது எழுதாத விதி. மார்லா கடைசி வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் நாற்காலியை மடக்கியதும் போய்க் கேட்டாள்: வெளிநாட்டு முகாமுக்குப் போனால் பையனுக்குப் பிரயோஜனம் உண்டா, இல்லையா?

"உண்மையைச் சொல்லட்டுமா, மிஸஸ் குசெரா? நான் அங்க போய் யாரையும் பாக்கறதில்ல. எனக்குத் தெரிஞ்ச யாரும் போறதில்ல. ஊர் சுத்திப் பாக்கணும்னா தாராளமா அனுப்புங்க. ஒரு பையன் எனக்கு வேணும்னா, இந்த மாதிரி ஒரு செவ்வாக்கிழமை நானே இங்க வந்து உக்காந்துக்குவேன்." டிரையர் கொஞ்சம் தயங்கினார். "உங்க பையனப் போன கோடையிலயே பாத்துட்டேன். ரெண்டு தடவ போன் பண்ணி மெசேஜும் விட்டேன். அவன்தான் திருப்பிக் கூப்பிடல. வேற பெரிய இடம் ஏதோ அமைஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

ஒன்பது வருடமாக எந்த போனுக்காக மார்லா காத்திருந்தாளோ அது வந்திருக்கிறது. வந்து, திரும்பியும் போயிருக்கிறது.

வண்டியில் கீட்டன் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டு வந்தான். இரண்டு பக்கமும் அப்போதுதான் விதைத்திருந்த சோள வயல். தூரத்தில் தானியக் கோபுரம் தெரிந்தது. அதுவரை அவளால் பொறுக்க முடியவில்லை. சாலையோரம் வண்டியை நிறுத்தினாள்.

"டிரையர் கூப்பிட்டாராமே. ஏண்டா திருப்பிப் பேசல?"

கீட்டன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். முதலில் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவளைப் பார்த்தான்.

"பேசினா வேண்டாம்னு சொல்லணும். சொன்னா உனக்குத் தெரிஞ்சிரும்."

"வேண்டாம்னா? எது வேண்டாம்?"

"காலேஜ்ல ஆடறது வேண்டாம்மா." குரல் உடைந்தாலும் நிறுத்தாமல் சொன்னான். "இங்க நம்ம பசங்களோட ஆடறது பிடிக்கும். ஆனா யாராவது நாற்காலி போட்டு உக்காந்து என்னைப் பாத்தா வயித்தப் பெரட்டுது. இன்னும் நாலு வருஷம் அப்படி ஆட முடியாது. நான் கரண்ட் லைன் வேலை படிக்கலாம்னு இருக்கேன். கம்பம் ஏற."

"அப்புறம் எதுக்குடா நெதர்லாந்து போறேன்னு சொன்ன?"

"அங்க போனா ஒருத்தனும் பாக்க மாட்டான்னு தெரியும். ஓவனுக்கு வந்த கவரை எனக்கு வர்றதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். அதனாலதான் போறேன்னேன். போய்ட்டு வந்து, யாரும் கூப்பிடலன்னா, முடிஞ்சதெல்லாம் செஞ்சோம்னு நீயே விட்டுருவ. நான் விட்ட மாதிரி இருக்காது. உன் மனசு நோகாது."

மார்லாவுக்கு அழுகை பொங்கி வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே அழுதாள். கோபமும் இருந்தது. கோபத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. இத்தனை நாள் பையனை அவள் தாங்குவதாக நினைத்திருந்தாள். பையன் அல்லவா அவளைத் தாங்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"எப்பச் சொல்றது? நாம ரெண்டு பேரும் தனியா இருக்கறது இந்த வண்டிலதான். இங்கதான் பேசக் கூடாதே."

மார்லா, தன் அண்ணன் கையுறையை எறிந்ததையும், அன்று காரில் ஒருவரும் வண்டியை நிறுத்தச் சொல்லாததையும் முதன்முறையாக மகனிடம் சொன்னாள். அப்பா மாதிரி ஆகிவிடக் கூடாது என்று பயந்து பயந்து வாயைக் கட்டினாள். பிள்ளையின் வாயையும் சேர்த்துக் கட்டியிருக்கிறாள். கீட்டன் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் குடித்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

நெதர்லாந்து வேண்டாம் என்று எழுதிப் போட்டார்கள். டிரையரிடம் கீட்டனே போனில் நன்றி சொல்லி, தன் முடிவையும் சொன்னான். ஊருக்குச் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. மார்லா அழைப்பின் லட்சணத்தையும் தன் அவசரத்தையும் தீயணைப்புக் கூடத்தில் நின்று ஒளிக்காமல் சொல்லி, பணத்தோடு வாளியை மேசைமேல் வைத்தாள். தின்ன பான்கேக்கைத் திருப்பிக் கக்க முடியுமா என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். கூடம் சிரித்தது. மைதானத்தில் கிழிந்து தொங்கிய வலையை மாற்ற அந்தப் பணம் போயிற்று. ரெண்டொருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஊர் வாயை உலைமூடியாலா மூட முடியும்?

அந்த ஜூலையில் கீட்டன் ஊர் டீமுக்கு ஆடினான். புதிய வலைக்குப் பின்னால் மடக்கு நாற்காலி ஒன்றும் இல்லை. அவன் அப்படிச் சிரித்துக்கொண்டு ஆடி மார்லா பார்த்ததில்லை. அதைப் பார்க்கவும் அவளுக்குக் கொஞ்சம் வலித்தது. அந்தக் கைக்கு இன்னும் நாலு வருட ஆட்டம் பாக்கி இருந்தது என்று நெஞ்சு சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசி ஆட்டத்தில் தோற்றார்கள். ஐந்தாவது இன்னிங்ஸில் பிட்சர் திணறியபோது கீட்டன் எழுந்து போய், வாயை மறைத்துக்கொண்டு, வழக்கம்போல என்னவோ சொல்லிவிட்டு வந்தான்.

வண்டி கிளம்பியது. பழக்க தோஷத்தில் மார்லா வாயை மூடிக்கொண்டு ஓட்டினாள்.

"கேளும்மா," என்றான் கீட்டன். "எதையோ கேக்கணும்னு துடிக்கற. கேளு."

"பிட்சர்கிட்டப் போய் அப்படி என்னதாண்டா சொல்லுவ?"

அவன் வெடித்துச் சிரித்தான்.

"பாதி நேரம் சாப்பாட்டப் பத்திதான். ஆட்டம் முடிஞ்சு என்ன திங்கலாம்னு கேப்பேன். பயம் போயிரும். இன்னைக்கு, எங்கம்மா உருளைக்கிழங்கு சாலட் பண்ணிருக்கா, சீக்கிரம் முடிடான்னு சொன்னேன்."

"இதுக்குத்தானா நான் இத்தனை வருஷம் மண்டைய ஒடச்சுக்கிட்டேன்?" என்றாள் மார்லா. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த ஆட்டத்தில் என்ன சொன்னாய், இந்த ஆட்டத்தில் என்ன சொன்னாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். அவனும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான். தானியக் கோபுரம் எப்போது பின்னால் போனது என்று இருவருமே பார்க்கவில்லை. வீட்டுத் திருப்பமும் தாண்டிப் போயிற்று. மார்லா அதைக் கவனித்தாள், ஆனால் வண்டியைத் திருப்பவில்லை.