வேதத்தின் மேல் வைத்த பூ

சேலத்தில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேதபாடத்தில் வருடாவருடம் முதல் பரிசும் எனக்குத்தான். அப்பா இல்லாத வீட்டில், நான் போவதா வேண்டாமா என்று அம்மாதான் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு மலைமேல் எஸ்டேட்டில் வேலை. நான் சொல்லித்தான் இயேசுவிடம் வந்தாள். ஆனால் சேர்வராயன் கோயிலில் பூப் போட்டுக் கேட்ட பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை. வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்து என் வேதப்புத்தகத்தின் மேல் வைத்தாள்.

"ஒண்ணை எடு கண்ணு. வெள்ளை வந்தாப் போ. சிவப்பு வந்தா ஊட்டுல இரு. ஆண்டவரே சொல்லட்டும்."

"அவர் பூவுல பேச மாட்டாரும்மா. வசனத்துலதான் பேசுவார்."

"அப்படீன்னு அதுல எழுதியிருக்குதா?"

"படிச்சே காட்டறேன்" என்றேன். எனக்கு அவ்வளவு திமிர்.

மழைக்காலம் அது. எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டின் ஒற்றை அறையில் கதவைச் சாத்தினால் அடுப்புப் புகை, திறந்தால் மூடுபனி. தினமும் வேலை முடிந்து வந்த அம்மாவுக்குச் சுவிசேஷம் வாசித்தேன். சிலுவையின் அடியில் சேவகர்கள் அவருடைய அங்கிக்காகச் சீட்டுப் போட்ட இடம் வந்தது.

"பாத்தியா, சீட்டுப் போடறவங்க யாருன்னு?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"மேல படி" என்றாள்.

சுவிசேஷம் முடிந்து சீஷர்களின் கதைக்கு வந்தோம். முதல் அதிகாரத்திலேயே என் கண் முந்தி ஓடி ஓரிடத்தில் நின்றது. இயேசுவைக் காட்டிக்கொடுத்தவனின் இடத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க, சீஷர்களே ஜெபம் செய்து சீட்டுப் போடுகிறார்கள். தாண்டிப் போயிருந்தால் அம்மாவுக்குத் தெரியாது. அந்த வீட்டில் எழுத்து தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் வாசித்துத்தான் நான் அவரை அறிந்தேன். ஒரு வரியை மறைத்துவிட்டு அப்புறம் எந்த முகத்தோடு அவரிடம் ஜெபிப்பது? வாசித்தேன்.

அம்மா கைகொட்டிச் சிரித்தாள். "சீஷருக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயமா?"

பழைய பூ வாடியிருந்தது; புதிதாக இரண்டு மடித்து வைத்தாள். நான் எடுக்க மறுத்தேன். அவளே எடுத்தாள். சிவப்பு.

அவள் முகம் கறுத்துவிட்டது. அவளும் வெள்ளைக்குத்தான் ஜெபித்திருக்கிறாள். "அவரு சொல்லிட்டாரு கண்ணு" என்றாள். அதற்கு மேல் அவளிடம் பேச முடியவில்லை.

சேலம் பஸ் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து இறங்குவது வீட்டுக்குள் கேட்கும். கேட்காதவள்போல் உட்கார்ந்து வாசித்தேன். அடுத்த அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவர் சீஷர்கள்மேல் இறங்கி வருகிறார்; அதன் பிறகு அவர்கள் ஒருமுறைகூடச் சீட்டுப் போடவில்லை. கடைசிப் பக்கம் வரை தேடிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா அடுப்பை விட்டுத் திரும்பினாள். "இதை அன்னைக்கே படிச்சிருக்கக் கூடாதா கண்ணு? கீழ பாடம் ஆரம்பிச்சிருப்பாங்களே."

"ஆரம்பிச்சாச்சு."

மறுநாள் எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதும் ரைட்டர் களை எடுக்கும் ஆட்களோடு என் பெயரையும் எழுதிக்கொண்டார். அம்மா பக்கத்து வரிசையில் குனிந்திருந்தாள்.

"அந்தச் சீஷருங்க அப்பறம் எப்படித்தான் முடிவு பண்ணுனாங்களாம்?"

"ஜெபம் பண்ணிட்டு, உக்காந்து பேசுனாங்கம்மா."

"நாமளும் பேசியிருக்கோணும்" என்றாள்.

ரைட்டர் எங்கள் பக்கம் வந்தார். இருவரும் வாயை மூடிக்கொண்டு களைக்கொத்தை எடுத்தோம்.