ஆணியில் காய்ந்த சாக்கு

பட்டறையில் அவரைச் 'சாக்கு மேஸ்திரி' என்பார்கள். வண்டியின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை, வெல்டிங் பொறி பட்டால் அதே இடத்தில் ஒருநாள் படக்கென்று முறியும் என்பார். பட்டையை ஈரச்சாக்கால் மூடாமல் பற்றவைப்பவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

அன்று மாப்பிள்ளை காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நின்றார். மேஸ்திரி அவருடைய மலை ஜீப்புக்குக் கூடுதல் பட்டை போட்டு, உயரம் ஏற்றி, பட்டையைத் தாங்கும் கொக்கியைப் பற்றவைத்து அனுப்பினார். சாப்பிட்டு வந்தவர் சுவரைப் பார்த்தார். சாக்கு நனையாமல் ஆணியிலேயே தொங்கியது.

மகளைக் கைபேசியில் அழைத்தார்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"மலை இறங்குறோம்ப்பா. கீழே டிக்குனு ஒரு சத்தம். நிறுத்திப் பாக்கலாம்னாரு இவரு. எங்கப்பா போட்ட பட்டை, பேசாம ஓட்டுங்கன்னுட்டேன்."