கம்தானின் வால் தூக்கிய கையெழுத்து

பொலவேன் மேட்டில் விளைந்த முட்டைக்கோசு அங்கேதான் விளைந்தது என்பது விதைத்தவர்களுக்குத் தெரியும். எல்லைக்கு அந்தப் பக்கம் தெரியவேண்டுமானால் கம்தான் சான்றிதழில் கையெழுத்துப் போடவேண்டும். போட்டால் வரி கிடையாது. போடாவிட்டால் கோசு எந்த ஊர் என்றே தெரியாது. பாக்சே நகரில் ஓர் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக அவருக்கு இதுதான் வேலை.

மூன்று வருடத்துக்கு முன் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். அந்தப் பக்கத்துச் சுங்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய மாதிரிக் கையெழுத்தைக் கேட்டுத் தாள் வந்தது. முந்தைய நாள்தான் தங்கை மகளின் கல்யாணம். வந்தவர்கள் எல்லோரும் வாழ்த்துச் சொல்லி மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டியிருந்தார்கள். மூன்று நாள் அறுக்கக் கூடாது. கம்தானின் வலது கையில் நாற்பது நூல். கை மேசையில் படியவில்லை. கீழே இறங்கவேண்டிய கையெழுத்தின் வால் வானத்தைப் பார்த்து எழும்பியது. அதுவே கோப்பில் போய் உட்கார்ந்தது.

நான்காம் நாள் நூலை அறுத்துவிட்டுச் சான்றிதழில் தன் பழைய கையெழுத்தைப் போட்டார். போலி என்று திரும்பி வந்தது. மாதிரியை மாற்றக் கோரி மனு எழுதினார். மனுவின் கையெழுத்து மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்று அதுவும் திரும்பி வந்தது. நூல் சுற்றிக்கொண்டு இரண்டாவது மனு போட்டார். அது ஒரு குழுவுக்குப் போனது. குழு வருடத்துக்கு ஒருமுறை கூடும்.

அன்றிலிருந்து இழுப்பறையில் ஒரு நூல்கண்டு இருக்கும். காலையில் அதைச் சுற்றிக்கொண்டுதான் நாட்டின் ஏற்றுமதியைக் கவனிப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை கோசு வியாபாரி புவாவன் சான்றிதழை மேசைமேல் போட்டாள்.

"என்னண்ணே இது? பன்னிரண்டு டன் கோசு வெயில்ல நிக்குது. உங்க வால் படுத்திருக்காம்!"

"நூல் தீந்துபோச்சும்மா. கைக்குட்டையச் சுத்திக்கிட்டுப் போட்டேன்."

"நாட்டோட மானத்தைக் கைக்குட்டையில வச்சிருக்கீங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள எல்லைக் கேட்டைத் தாண்டலைன்னா எல்லாத்தையும் மாட்டுக்குத்தான் போடணும்."

வேறு எவருடைய மாதிரியும் கோப்பில் இல்லை. கம்தான் பழைய தாளில் பதினோரு முறை போட்டுப் பார்த்தார். வால் எழும்பவில்லை.

புவாவன் சந்தைக்கு ஓடி நூலும், சடங்குக்கு அவித்த முட்டையும் ஒட்டும் சோறும் வாங்கி வந்தாள். "நீங்களே சுத்திக்கிட்டா எப்படி? நாலு பேரு கட்டணும்." அலுவலகமே வரிசையில் நின்றது.

"பதவி உயர்வு வரட்டும்ண்ணே," என்றாள் தட்டச்சர் சொம்போன்.

"வேணாம்மா. அங்கேயும் மாதிரி கேப்பான்."

மேலதிகாரி கடைசி முடிச்சைப் போட்டார். "வால் நல்லா நிமிரட்டும்."

நிமிர்ந்தது. புவாவனின் மைத்துனன் சான்றிதழோடு மோட்டார் சைக்கிளில் பறந்தான்.

அவன் போன சிறிது நேரத்தில் தலைநகரிலிருந்து உறை வந்தது. மூன்றாம் வருடக் கூட்டத்தில் குழு அவர் மனுவை எடுத்துக்கொண்டது. மனு ஏற்கப்பட்டது. புதிய மாதிரிக்கு மூன்று தாள்கள். இன்று நான்கு மணித் தபாலில் திரும்ப வேண்டும். தவறினால் அடுத்த வருடம்.

சொம்போன் கத்தரிக்கோலை நீட்டினாள். கம்தான் ஒரு நூலுக்கடியில் அதை நுழைத்தார்.

"அண்ணே," என்றாள் புவாவன் மெல்ல. "என் லாரி இன்னும் தாண்டல. சான்றிதழ் திரும்பி வந்தா மறுபடி போடணுமே."

மூன்று வருடமாகப் போடாத தன் கையெழுத்தை அவர் மனதுக்குள் ஒருமுறை போட்டுப் பார்த்தார். பிறகு கத்தரிக்கோலைச் சொம்போனிடமே கொடுத்துவிட்டு, மூன்று தாளிலும் வால் தூக்கிக் கையெழுத்துப் போட்டார்.

"இதுவும் அழகாத்தான் இருக்கு," என்றாள் புவாவன்.

ஐந்து மணிக்குச் சற்று முன் தொலைபேசி வந்தது. லாரி தாண்டிவிட்டது. அவள் முட்டையை உரித்து அவர் கையில் வைத்தாள். கம்தான் அதைத் தின்றுகொண்டே மூன்றாவது மனுவை எழுத உட்கார்ந்தார். நூல் இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது.