க்ளட்ச்சுக்கு மூன்று கொட்டேஷன்

போன செவ்வாய்க்கிழமை, டவுன்ஷிப் ரவுண்டானாவைச் சுற்றித் திரும்பும்போது காருக்குள் ஒரு கருகிய வாசனை.

முதலில் எங்கேயோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். கண்ணாடியை ஏற்றினேன். வாசனை இன்னும் அதிகமானது. அப்படியென்றால்... எரிவது குப்பை இல்லை.

சாதாரணக் காராக இருந்தால் இவ்வளவு பதற மாட்டேன். (பதறுவேன். கொஞ்சம் குறைவாக.) இது என் கொழுந்தன் ஆல்வினுடைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், இரண்டே கதவு, இரண்டே சீட். பெங்களூரில் வேலை பார்த்தபோது ஐந்து வருடம் சேமித்து, பழைய வண்டியாகத் தேடிப்பிடித்து வாங்கியது. ஒரு வருட கான்ட்ராக்டில் தோஹாவுக்குப் போகும்போது எங்கள் குவார்ட்டர்ஸ் ஷெட்டில் விட்டுவிட்டு, சாவியை என் கணவரிடம்கூடக் கொடுக்காமல் என் கையில் கொடுத்தான்.

"அண்ணி, உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். அப்பப்ப ஒரு ரவுண்டு ஓட்டுங்க, போதும்."

அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். சர்ச்சிலிருந்து மண்டபத்துக்குப் பெண்ணை இந்தக் காரில்தான் அழைத்துப் போவானாம். இப்போது இதில் கருகிய வாசனை என்றால் என்ன அர்த்தம்? 'அண்ணி கெடுத்துவிட்டாள்' என்று அர்த்தம். வேறென்ன?

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன். அவர் ஆபீஸ் நண்பருக்கு போன் போட்டார். நண்பர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கருகுன வாசனையா? வண்டி இழுக்கவும் மாட்டேங்குதா? க்ளட்ச்தான்!"

என் கணவருக்கு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் வேலை. போல்ட் நட்டு வாங்கினாலும் மூன்று கொட்டேஷன். வீட்டிலும் அதேதான். ஃபிரிட்ஜுக்கு மூன்று, கிரைண்டருக்கு மூன்று, மகள் இனியாவின் காதுகுத்து விழா கேட்டரிங்குக்கும் மூன்று. குறைந்த விலை சொன்னவருக்கு எங்கள் வீட்டில் 'எல்-ஒன்' என்று பெயர்.

ஆகவே ஒரு வெள்ளைத்தாள் எடுத்து நானே எழுதினேன். வேலை: க்ளட்ச் செட் மாற்றுதல். அதை போட்டோ எடுத்து மூன்று தனியார் ஒர்க்‌ஷாப்களுக்கு அனுப்பினேன். விருத்தாசலத்தில் ஒன்று, கடலூரில் ஒன்று, புதுச்சேரியில் ஒன்று.

மறுநாளே பதில் வந்தது. விருத்தாசலம் நாற்பத்தெட்டாயிரம். கடலூர் எழுபத்தைந்தாயிரம். புதுச்சேரி ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

ஒரே வேலைக்கு மூன்று விலை! எது நியாயம்? குறைவாகச் சொல்பவர் டூப்ளிகேட் போடுவாரோ? அதிகமாகச் சொல்பவர் சிவப்புக் காரைப் பார்த்து ஏற்றிவிட்டாரோ? நடுவில் இருப்பவர் வெறுமனே நடுவில் இருக்கிறாரோ? இரண்டு நாள் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே சமைத்தேன். நாற்பத்தெட்டாயிரம் என்பதே இனியாவின் பள்ளி அட்மிஷனுக்காக எடுத்து வைத்திருந்த பணம் முழுவதும்.

"எல்-ஒன்னுக்கு ஓகே சொல்லிடு நிம்மி" என்றார் கணவர். விருத்தாசலத்துக்காரர் அட்வான்ஸ் கேட்டிருந்தார்.

எனக்கு மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை தாளை மடித்து, இனியாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊரான வடக்குத்துக்குப் போனேன். அங்கே கலியபெருமாள் என்று ஒரு மெக்கானிக். தகரக் கொட்டகைதான் ஒர்க்‌ஷாப். விலை சரியா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடலாம்...

அவர் கையைத் துடைத்துக்கொண்டு தாளைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"இத யாருங்க்கா எழுதனது?"

என்னைவிட நான்கு வயதாவது மூத்தவர். நான் அக்காவாம்!

"நான்தாங்க."

"சரி. வண்டிய யாரு பாத்தது?"

யார் பார்த்தார்கள்? நண்பர் போனில் சொன்னார். கணவர் தலையாட்டினார். நான் எழுதினேன். மூன்று பேர் விலை போட்டார்கள். வண்டியை... யாருமே பார்க்கவில்லை.

"மூணு பேர் மேலயும் தப்பு இல்லக்கா. ஒருத்தர் லோக்கல் செட்டு, ஒருத்தர் ஒரிஜினல், அவ்வளவுதான் வித்தியாசம். நீங்க க்ளட்ச் கேட்டீங்க, அவங்க க்ளட்ச்சுக்கு வெல சொல்லியிருக்காங்க."

ஒரு ஜாக்கியை பைக்கில் கட்டிக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்துவிட்டார்.

ஷெட்டில் வண்டியை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை அழுத்திக்கொண்டு, மூன்றாவது கியரில் க்ளட்ச்சை மெதுவாக விட்டார். இன்ஜின் பட்டென்று நின்றுவிட்டது. எனக்கு உயிரே போனது.

"நின்னாதாங்க்கா நல்லது. க்ளட்ச் போயிருந்தா இன்ஜின் அது பாட்டுக்கு ஓடிகினு இருக்கும்."

பிறகு ஜாக்கி வைத்துப் பின்சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கினார். "நீங்களே சுத்திப் பாருங்க."

வலது சக்கரம் ஒரு விரலால் தள்ளியதுமே சுற்றியது. இடது சக்கரத்தை இரண்டு கையாலும் தள்ளினேன். அசையவில்லை.

"பிரேக் புடிச்சிகினு இருக்கு. அதோட ஓட்டுனா கருகாம என்னா பண்ணும்? ஹேண்ட்பிரேக்க எப்பிடிப் போடுவீங்க?"

"இழுத்துத்தான்..."

"எங்கம்மா ரெண்டு கையால இழுப்பாங்க!" என்றாள் இனியா. "காலைக்கூட ஊணிப்பாங்க."

உண்மைதான். எங்கள் ஷெட் வாசல் பக்கம் சரிவு. அங்கேதான் இவள் சைக்கிள் ஓட்டுகிறாள். வண்டி உருண்டுவிட்டால்? அந்த நினைப்பிலேயே ஒவ்வொரு முறையும் இன்னும் ஒரு 'டிக்' சேர்த்து இழுப்பேன். மழை நாட்களில் இரண்டு வாரம் தொட முடியாமல் அப்படியே நின்றதில் பிரேக் துருப் பிடித்து ஒட்டிக்கொண்டதாம்.

ஆக, கெடுத்தது நான்தான். பொறுப்பாக இருந்தே கெடுத்திருக்கிறேன்!

"எவ்வளவு ஆகும்?"

"பிரிச்சி, கிளீன் பண்ணி, கிரீஸ் வச்சித் தர ரெண்டாயிரத்து எறநூறு. பார்ட்ஸ் ஒண்ணும் மாத்த வேணாம்."

நிம்மதி வர வேண்டுமா இல்லையா? வந்தது. கூடவே அடுத்த சந்தேகமும் வந்தது. இவ்வளவு குறைவா? டீ போடுகிறேன் என்று உள்ளே போய், சமையலறையில் நின்று கடலூர் ஒர்க்‌ஷாப்புக்கு போன் செய்தேன். கிசுகிசுப்பாக விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு சக்கரம்தானே மேடம்? ரெண்டாயிரம், ரெண்டாயிரத்து ஐநூறு ஆகும். அப்ப க்ளட்ச் வேணாங்களா?"

"வேணாங்க!"

டீயோடு வெளியே வந்தேன். கலியபெருமாள் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"விசாரிச்சாச்சாக்கா? சரியாத்தான் சொல்லியிருக்கனா?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவர் சிரித்தார். "விசாரிக்கணுங்க்கா. இப்பதான் என்னா வேலன்னு தெரிஞ்சி விசாரிச்சிருக்கீங்க."

டீயைக் கொடுத்துவிட்டு யோசித்தேன். சில மாதங்களுக்கு முன் இனியா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. நான் என்ன செய்தேன்? எந்த டானிக் நல்லது என்று மூன்று அம்மாக்களிடம் கேட்டேன். விலைகூட ஒப்பிட்டேன். கடைசியில் பார்த்தால் வாய்க்குள் ஒரு சின்னப் புண். வாயைத் திறக்கச் சொல்ல மட்டும் தோன்றவில்லை!

அன்று மாலையே ஆல்வினுக்கு வீடியோ காலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நடுநடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவன் இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"அண்ணி... வாரா வாரம் ஓட்டுனீங்களா?"

"மழை பேஞ்ச அந்த ரெண்டு வாரம் தவிர..."

"ஐயோ! நான் மாசத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுவீங்கன்னு நெனச்சேன். ஒரே ஒரு பிரேக் ஒட்டிக்கிச்சுன்னு அழறீங்க. கல்யாணத்தன்னிக்கு பொண்ணு பக்கத்துல நான் உக்காந்துக்கறேன், வண்டிய நீங்களே ஓட்டுங்க!"

"ரெண்டு சீட்டுதானடா இருக்கு!" என்றேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

பக்கத்திலிருந்த கணவர் அந்தக் கொட்டேஷன் தாளை எடுத்து, நான் எழுதிய 'க்ளட்ச் செட் மாற்றுதல்' என்ற வரியை மட்டும் திரும்பப் படித்தார். பிறகு நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது வண்டியைக் கியரில் நிறுத்துகிறேன். ஹேண்ட்பிரேக்கைத் தொடுவதில்லை. சக்கரத்துக்கு இரண்டு செங்கல் வைத்தால் போதும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார் கலியபெருமாள்.

நான் ஆறு வைத்திருக்கிறேன்.