பதில் வராவிட்டால் பேசலாம்

போன கிழமை எனக்கு லைசன்ஸ் கிடைத்துவிட்டது.

கார் ஓட்ட அல்ல. அந்த லைசன்ஸை வைத்துக்கொண்டு நான் செய்யும் கூத்துகளை இந்தப் பக்கத்தில் போதும் போதும் என்கிற அளவுக்குப் படித்துவிட்டீர்கள். இது அமெச்சூர் ரேடியோ லைசன்ஸ். வீட்டில் இருந்தபடியே வானலையில் உலகத்தில் யாரோடும் பேசலாம்.

"அதுதான் கையில போன் இருக்கே அம்மா... பிறகென்னத்துக்கு?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. போனில் தெரிந்தவரைக் கூப்பிடுகிறோம். இதில் தெரியாதவரைக் கூப்பிடுகிறோம். யார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரியாமலே!

இந்த விளக்கத்தை நான் முதலில் சொன்னது மகளுக்கு அல்ல. ஓர் இராணுவ அதிகாரிக்கு.

யுத்த காலம். மன்னாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீடு தாழ்வுபாடு என்ற கடற்கரைக் கிராமத்தில். டோர்ச் பற்றரி வாங்கினாலே ஏன், எதற்கு என்று கேட்ட நாட்களில், வானலையில் பேச அனுமதி கேட்டு விண்ணப்பித்த ஒரே புத்திசாலி அடியேன்தான். கூப்பிடாமல் விடுவார்களா? முகாமில் கதிரை போட்டு இருத்தினார்கள்.

"யார் கூட பேசுறது?"

"தெரியாத ஆக்களோட, சேர்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "தெரியாத ஆள் கூட... என்ன பேசுறது?"

"அங்க மழையா வெயிலா எண்டு கேக்கிறது, சேர்."

அனுமதி பற்றி மேலிடம் தீர்மானிக்கும் என்றார். பரீட்சைக்கு மோர்ஸ் தந்திக் குறிகள் பழக ஒரு பஸ்ஸர் செய்து வைத்திருந்தேன். இரண்டு பற்றரி, ஒரு தகரத் துண்டு, அவ்வளவுதான். கையோடு கொண்டுபோயிருந்த அதை வாங்கி, தானே இரண்டு தரம் அழுத்திப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தார். அதன் சத்தம் என் சமையல் குசினிவரைக்கும்தான் போகும்.

வீட்டு ரேடியோவின் சிற்றலையில் வரும் மோர்ஸைக் கேட்டுப் பழகினால் ஒரு விசித்திரம் நடக்கும். எல்லாருக்கும் அதே புள்ளி, அதே கோடுதான். ஆனாலும் அனுப்புகிறவரின் கை அதில் இருக்கும். ஒருவர் அவசரப்படுவார், ஒருவர் இழுப்பார். பழகிய காது பெயரைக் கேட்காமலே ஆளைச் சொல்லிவிடும்.

இதைப் பெரிய விஷயமாகப் பக்கத்து வீட்டு செசிலி அக்காவிடம் சொன்னேன். அவருக்கு அது புதினமாகவே இல்லை. எங்கள் கரையில் மூடுபனி இறங்கினால், கடலில் நிற்கிறவர்கள் துடுப்பால் வள்ளத்தின் பக்கத்தில் தட்டுவார்கள். ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு தட்டு. கரையில் பெண்கள் தகரத்தில் அடித்துப் பதில் கொடுப்பார்கள். அந்தச் சத்தத்தைப் பிடித்துத்தான் கரை சேர்வது. அக்காவின் புருஷன் அந்தோனி அண்ணனுடையது மூன்று தட்டு. ஒருமுறை மணிக்கட்டு முறிந்து கோணலாகப் பொருந்தியதால், மூன்றாவது எப்போதும் கொஞ்சம் பிந்தி விழும்.

விழும் என்கிறேன்... விழுந்தது என்று எழுதவேண்டும். அவர் அதற்கு முந்திய வருஷம் கடலுக்குப் போய் வரவில்லை. வள்ளமும் இல்லை, உடலும் இல்லை. பங்குச் சுவாமியார் வந்து, இறந்தவருக்கான பூசை ஒன்று ஒப்புக்கொடுப்போமா என்று கேட்டபோது அக்கா கதவைச் சாத்திவிட்டார். பூசை வைத்தால் செத்துப்போனார் என்று ஆகிவிடும் அல்லவா?

அதற்குப் பதிலாக என் வீட்டுக்கு வரத் தொடங்கினார். பஸ்ஸருக்கு முன்னால் குந்திக்கொள்வார்.

"பிள்ளை, இதில ஆரையும் கூப்பிடலாமாம். அவரைக் கூப்பிடு."

"இது குசினிக்குமட்டும்தான் கேக்கும் அக்கா."

"பரவாயில்லை. கூப்பிடு."

நான் சாட்டுச் சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன். பொய் நம்பிக்கை கொடுக்கக்கூடாது என்று பெரிய எண்ணம் எனக்கு!

ஒரு விடியற்காலை மூடுபனி. முற்றத்து முருங்கை மரம் தெரியவில்லை. செசிலி அக்கா ஓடிவந்தார். எல்லா வள்ளமும் கரைக்கு வந்துவிட்டதாம், அந்தோனி அண்ணனின் தம்பி ரொபேட்டைத் தவிர. பனியில் திசை மாறி அனுமதித்த எல்லையைத் தாண்டினால், ரோந்துப் படகு கேள்வி கேட்காது. சுடும்.

"இண்டைக்கு எண்டாலும் அவரைக் கூப்பிடு பிள்ளை. தம்பியை அவர்தான் பார்க்கவேணும்."

அன்று மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தோனி என்று ஒரே ஒரு முறை அனுப்பினேன். குசினியில் ஒரு பூனை திரும்பிப் பார்த்தது.

கரைக்கு ஓடினோம். முட்கம்பிக்கு இந்தப் பக்கம் பெண்கள் நின்று தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள். காவலில் நின்றவர்கள் அந்தக் கிழமைதான் மாறி வந்த புதியவர்கள். எங்கள் வழக்கம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? கடலில் யாருக்கோ சிக்னல் கொடுக்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். ஒருவகையில் அது உண்மையும்தான்.

"சத்தம் வேணாம்! நிப்பாட்டு!" துவக்கு எங்கள் பக்கம் திரும்பியது.

தகரங்கள் ஓய்ந்தன. ரொபேட்டுக்கு இனிப் பிடித்து வர ஒரு சத்தம் இல்லை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கம்பியைத் தாண்டி ஓடிவிடுவாரோ என்ற பயத்தில் அவர் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

அப்போதுதான் கேட்டது. கடலுக்குள்ளிருந்து... மரத்தில் மரம் தட்டும் சத்தம்.

டொக். டொக்.

...டொக்.

அக்கா அழுகையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார். பெண்களில் இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். திரும்பவும் கேட்டது, இன்னும் கிட்ட. மூன்றாவது பிந்தியது. எத்தனையோ பேருடைய மோர்ஸையும், முன்பு அண்ணனின் தட்டையும் கேட்டுப் பழகிய காது என்னுடையது. சத்தியமாகச் சொல்கிறேன், அது அந்தக் கைதான்.

சத்தம் நின்றது. பனிக்குள்ளிருந்து ஒரு வள்ளம் மட்டும் வெளியே வந்தது. ரொபேட். இறங்கியதும் கடலைத்தான் திரும்பிப் பார்த்தான்.

"எனக்கு முன்னால வந்த வள்ளம் எங்க அண்ணி?"

அக்கா அவனைத் தாண்டிப் பனிக்குள் பார்த்தார்.

"உங்கட தகரச் சத்தம் நிண்டு போச்சு. எந்தப் பக்கம் போறது எண்டு தெரியேல்லை. அப்ப எனக்கு முன்னால ஆரோ தட்டிக்கொண்டு போச்சினம். அதைப் பிடிச்சுத்தான் வந்தனான். எங்க அவை?"

அன்று கடலில் வேறு வள்ளம் இருக்கவில்லை.

விளக்கம் சொல்ல முடியுமா என்று பௌதிக டீச்சரைக் கேட்காதீர்கள். மூடுபனியில் ஒலி வளையும், எதிரொலிக்கும். எல்லாம் படிப்பித்திருக்கிறேன். ஆனால் எதிரொலிக்கு மணிக்கட்டு முறியுமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செசிலி அக்கா தானாகவே சுவாமியாரிடம் போய்ப் பூசைக்குச் சொன்னார். திகைத்துப்போய் ஏன் என்று கேட்டேன்.

"இவ்வளவு நாளும் அவர் எங்க எண்டு தெரியாது பிள்ளை. இப்ப தெரியும்."

அதன் பிறகு அவர் பஸ்ஸருக்கு முன்னால் வந்து இருக்கவில்லை. நான்தான் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். மேலிடத்துப் பதிலும் வரவில்லை. யுத்தம் முடிந்தது, ஊர் மாறினேன், தலை நரைத்தது. மறுபடி விண்ணப்பித்து, பரீட்சை எழுதி... போன கிழமை கையில் லைசன்ஸ்.

வானலையில் ஒரு ஒழுங்கு உண்டு. எடுத்தவுடன் பேசக்கூடாது. முதலில் கேட்கவேண்டும்: "இந்த அலைவரிசையில் யாராவது இருக்கிறீர்களா?" பதில் வராவிட்டால் யாரும் இல்லை என்று எடுத்துக்கொண்டு பேசலாம்.

பதில் வராவிட்டால் யாரும் இல்லையாம்! இந்த விதியை எழுதியவர் எங்கள் கரையில் நின்றதில்லை போலும்.

மற்றவர்கள் இரண்டு தரம் கேட்பார்கள். நான் மூன்று தரம் கேட்கிறேன் — மூன்றாவதைக் கொஞ்சம் பிந்தி.