எல்லைச் சாவடியில் இறங்காதவர்

தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா மூன்றையும் பஸ்ஸிலேயே சுற்றிக் காட்டுவதாகச் சொன்ன அந்தப் பயணத்தில், துணை இல்லாமல் வந்திருந்த பெண்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி நான். இலங்கையில், றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள். மற்றவர் கலவானைப் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்திருந்த ஒரு சிங்கள அம்மா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். இரத்தினபுரியில் ஆள் சேர்த்து எங்களைக் கூட்டிப்போன டூர் லீடர், விமான நிலையத்தில் வைத்தே எங்கள் இருவருக்கும் ஓர் அறை என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் போக விருப்பம் இருக்கவில்லை. கணவர் இறந்த பிறகு நான் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை என்று கொழும்பில் இருக்கும் மகள்தான் பிடிவாதமாக அனுப்பிவைத்தாள். பஸ்ஸில் பெரும்பாலும் ஓய்வு பெற்ற சிங்கள ஆசிரியர்கள், அவர்களுடைய கணவன் மனைவிமார். தமிழ் பேச இருந்தது கஹவத்தையில் புடவைக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் தம்பதி மட்டும். எனக்குச் சிங்களம் தடையில்லாமல் வரும். அதனால் பேச்சுக்குக் குறை இருக்கவில்லை.

அந்தக் கலவானை அம்மாவை நான் 'அக்கே' என்று கூப்பிட்டேன், அக்கா என்று. அவர் என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். மனது நன்றாக இருக்கும் நேரத்தில் 'நங்கி' என்பார், தங்கச்சி என்று. அவரோடு ஓர் அறையில் இருப்பது சுலபமாக இருந்ததென்று சொல்ல முடியாது. துவைத்த உடுப்பை விளக்கின் மேல் காயப்போடுவார். ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பார். ஊரிலிருந்து ஒரு பெரிய போத்தலில், வெங்காயத்தை வதக்கிச் செய்த சீனிச் சம்பல் கொண்டுவந்திருந்தார். எந்த நாட்டுச் சாப்பாடு தட்டில் விழுந்தாலும் அதன்மேல் ஒரு கரண்டி போட்டுக்கொள்வார், எனக்கும் கேட்காமலே போடுவார். கோயில்களுக்குப் போகும்போது மட்டும் வெள்ளைச் சேலையைச் சிங்களப் பெண்கள் கட்டும் ஒசரியாக உடுத்தி, இடுப்பில் கொசுவம் விசிறிபோல் நிற்க, வேறொரு ஆளாக நடப்பார்.

ஒரு சாயங்காலம், நான் எந்தத் தோட்டத்தில் பிறந்தேன் என்று கேட்டார். சொன்னேன். அந்தத் தோட்டத்து லயன் வீடுகளைத் தெரியும் என்றார். பிறகு, தமிழர்களை அடித்த கலவர நேரத்தில் நாங்கள் எங்கே இருந்தோம் என்று கேட்டார். ரப்பர் காட்டுக்குள், மழையில், சத்தம் வராமலிருக்க அப்பா தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார் என்றேன். இந்தக் கதையைச் சிங்களக் கூட்டாளிகளிடம் சொன்னால், தங்கள் வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பத்தை ஒளித்து வைத்திருந்ததாகப் பெரும்பாலும் ஒரு கதை திரும்பி வரும். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் சம்பல் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, நுளம்பு வந்து கடிக்கிறது, ஜன்னலைச் சாத்தவா என்று கேட்டார். அதுவரை அவர் ஜன்னலைச் சாத்தியதே இல்லை.

மேக்கோங் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி லாவோசுக்குள் போன பிறகு பாதை நீண்டது. காலையிலிருந்து பின்னேரம் வரை பஸ். வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்து மடியில் விழுந்தது. முதல் நாளிலேயே அக்கா முன்னால் போய், கொஞ்சம் நிறுத்தச் சொல்லி டூர் லீடரிடம் மெதுவாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, வாய்த்துடுக்கு. மைக்கை வாயில் வைத்து, கலவானை அம்மாவுக்கு அவசரம், எல்லோரும் கொஞ்சம் பிரார்த்தனை பண்ணுங்கள் என்றார். பஸ் சிரித்தது. அக்கா திரும்பி வந்து உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அதற்குப் பிறகு அவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். நானும் குறைத்துத்தான் குடித்தேன். அந்த பஸ்ஸில் இருந்த வயதான பெண்கள் எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

கம்போடியாவுக்குள் போக வேண்டிய காலையில் அவர் வாந்தி எடுத்தார். வாயு என்று சொன்னார். மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கினார். கால் இரண்டும் வீங்கியிருந்ததால், சப்பாத்துப் பட்டியை நான்தான் குனிந்து போட்டுவிட்டேன். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் நெஞ்சு எரிகிறது என்றார். டூர் லீடரிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று என் கையைப் பிடித்து இருத்தினார். எல்லையில் எப்படியும் இறங்கத்தானே போகிறோம் என்றார். பாதை குண்டும் குழியுமாக ஆனபோது, "அங்க கக்கூஸ் இருக்குமா டீச்சர்?" என்று கேட்டார். இருக்கும் அக்கே என்றேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய தலை என் தோளில் சாய்ந்தது. தூங்கட்டும் என்று நான் அசையாமல் இருந்தேன். தோள் மரத்துப் போனது. அந்தப் பாரம் எந்த இடத்தில் மாறியது என்று எனக்குத் தெரியாது.

எல்லைச் சாவடியில் பஸ் நின்று, எல்லோரும் கடவுச்சீட்டோடு இறங்கத் தொடங்கினார்கள். நான் அவருடைய கையைத் தட்டினேன். பிறகு கன்னத்தைத் தொட்டேன். கத்தவில்லை. எனக்கு முன் இருக்கையில் இருந்த புடவைக்கடைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, என்னை மெல்ல எழுப்பி வெளியே கொண்டுவந்து, தன் மனைவியிடம் விட்டார்.

வாகன ஓட்டியும் எங்களோடு வந்த லாவோஸ் வழிகாட்டியும் அவரைத் தூக்கிக்கொண்டுவந்து, கூரைக்குக் கீழே இருந்த ஒரு மரப் பெஞ்சில் கிடத்தினார்கள். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், போனார்கள், டெலிபோன் பேசினார்கள். எங்கள் ஆட்களில் சில பெண்கள் தள்ளி நின்று பௌத்தர்களின் ஐந்து சீலமான பன்சில் சொன்னார்கள், சிலர் அழுதார்கள். அந்தப் பக்கம் கம்போடிய பஸ் காத்துக்கொண்டிருந்தது. சாவடி மூடுவதற்குள் போகாவிட்டால் அன்று போக முடியாது, அங்கே இத்தனை பேர் தங்க இடமும் இல்லை. நாளைக்குப் பார்க்க இருந்த கோயில் என்னவாகும் என்று ஒருவர் இன்னொருவரிடம் மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டது. அவரும் நாலு பேரைப் போல ஒரு மனிதர்தான். எத்தனையோ வருடம் ஆசைப்பட்டு வந்திருப்பார்.

டூர் லீடர் என்னிடம் வந்தார். முகத்தில் இரத்தம் இல்லை. இத்தனை பேரையும் விட்டுவிட்டுத் தன்னால் நிற்க முடியாது, யாராவது ஒருவர் கூட இருக்க வேண்டும் என்றார். ஒரே அறையில் இருந்ததால் என்னைத்தான் கேட்கத் தோன்றுகிறது என்றார்.

அவருடைய போனை வாங்கி மகளுக்கு எடுத்தேன். அவள் முதலில் பதறினாள், பிறகு கோபப்பட்டாள்.

"அம்மா, நீங்க ஏன் நிக்கணும்? அவங்க யாரு நமக்கு? பாஷையும் தெரியாத ஊருல நீங்க தனியா என்ன செய்வீங்க? பேசாம பஸ்ஸோட போயிருங்க."

அவள் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. போகிறேன் என்று சொல்லத்தான் நானும் வாயெடுத்தேன். பெஞ்சைப் பார்த்தேன். சப்பாத்து இன்னும் காலில் இருந்தது. வீங்கிய காலை அந்தப் பட்டி இறுக்கிக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கழற்றவில்லை. நான் போய்க் கழற்றினேன். கழற்றிவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு எழுந்து பஸ்ஸுக்குப் போக என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். அதைப் பெரிய மனது என்று சொல்லிக்கொள்ள நான் தயாரில்லை.

புடவைக்கடைக்காரர் தன் போனையும் சார்ஜரையும் என் கையில் வைத்தார். "நானும் நிண்டிருப்பேன் டீச்சர், பொஞ்சாதிக்கு இன்சுலின் ஊசி போட ஆளில்ல. இதுல வெளிநாட்டுக் கோல் எடுக்கலாம். வச்சுக்கோங்க," என்றார். பிறகு அவர்கள் எல்லோரும் வரிசையாகத் தடுப்புக் கம்பத்தைத் தாண்டிப் போனார்கள். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழிகாட்டி நடுவயதுக்காரர். எனக்குத் தெரிந்த அளவு ஆங்கிலம்தான் அவருக்கும் தெரியும். என்னை 'மே' என்று கூப்பிட்டார். அவர்கள் மொழியில் அம்மா. ஒரு பிக்கப் வாகனத்தின் பின்புறத்தில் அக்காவைக் கிடத்தி, அவருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்து, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாரடைப்பு என்றார்கள். அங்கே உடலை நாள் கணக்கில் வைத்திருக்கக் குளிர் அறை கிடையாது. அந்த நாட்டில் எங்களுக்குத் தூதரகமும் கிடையாது. பக்கத்து நாட்டுத் தூதரகத்தில்தான் கேட்க வேண்டும். அங்கே பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் உடலை அனுப்ப எவ்வளவு நாளாகும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

ஊரில் இருந்த அக்காவின் இளைய மகனோடு நான்தான் பேசினேன். அவர் சத்தம் போட்டு அழுதார். பின்னால் ஒரு பெண்ணின் குரலும் குழந்தையின் குரலும் கேட்டன. மறுநாள் காலையில் அவரே போன் எடுத்தார். இத்தாலியில் இருக்கும் அண்ணனோடு பேசியதாகச் சொன்னார்.

"டீச்சர், அங்கயே செஞ்சிருங்க. அதுவும் பௌத்த நாடுதானே. சாம்பல மட்டும் கொண்டு வந்து தாங்க."

ஆஸ்பத்திரிப் பெண்கள் இருவரும் நானுமாகக் குளிப்பாட்டினோம். அவருடைய பெட்டியைத் திறந்து வெள்ளைச் சேலையை எடுத்தேன். பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிய சட்டைகள் மேலே மடித்து வைக்கப்பட்டிருந்தன. எனக்கு ஒசரி உடுத்தத் தெரியாது. ஊரில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் அசையாத உடம்பில் அந்த விசிறிக் கொசுவம் நிற்கவில்லை. அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன். கடைசியில் எங்கள் பெண்கள் உடுத்துகிற மாதிரிதான் வந்தது. அந்த இரண்டு பெண்களுக்கும் வித்தியாசம் தெரியாது. அழகாக இருக்கிறது என்று சைகை காட்டினார்கள்.

ஆற்றோரத்தில் ஒரு சிறிய கோயில். பின்னால் ஒரு வெளியில் விறகு அடுக்கியிருந்தார்கள். முந்திய வாரம் மழை பெய்திருந்ததால் விறகு ஈரம். ஆஸ்பத்திரிப் பெண்கள் இருவரும் வந்திருந்தார்கள். பிக்குமார் நாலு பேர் வந்து உட்கார்ந்து ஓதினார்கள். வேறு ராகம், ஆனால் அதே பாளிச் சொற்கள். றக்வானையில் சாவு வீட்டு ஒலிபெருக்கியில் கேட்டுப் பழகிய சொற்களை அங்கே மொழி புரியாத ஜனங்களுக்கு நடுவில் கேட்டபோது, நானும் கை கூப்பினேன். எங்கள் ஊர் சிங்களச் சாவு வீடுகளில் பிக்குமாருக்கு வெள்ளைத் துணி கொடுப்பார்கள், இறந்தவருக்குப் புண்ணியம் போய்ச் சேரக் கிண்ணம் நிரம்பி வழியத் தண்ணீர் ஊற்றுவார்கள். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கூஜாவைப் பிடித்துக்கொள்வார்கள். அது நடக்க வேண்டும் என்று வழிகாட்டியிடம் சொன்னேன். தங்களுக்கும் தண்ணீர் ஊற்றும் சடங்கு உண்டு என்றார். நான் ஒருத்திதான் ஊற்றினேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

எங்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. என் கணவர் போனபோது நான் வாசலோடு நின்றவள். நெருப்பை என் கையில் தந்தபோது ஏதாவது சொல்லி மறுத்திருக்கலாம். சுற்றிப் பார்த்தேன், அவரோடு வந்தவர் வேறு யாரும் இல்லை. வைத்தேன். விறகு பற்றவில்லை. புகைதான் வந்தது. விறகு அடுக்கியவர் ஒரு போத்தலில் டீசல் கொண்டுவந்து ஊற்றினார். பிக்குமார் போன பிறகும் நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பின்னேரம் வரை எரிந்தது. நடுவில் இரண்டு தரம் விறகு அடுக்கியவர் எழுந்துபோய்க் கம்பால் கிளறிவிட்டார். நான் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

வழிகாட்டி பாலம் வரை கூட வந்தார். அங்கிருந்து வேறொருவர் பேங்கொக் வரை கூட்டிப்போனார். சாம்பல் மண்சட்டியில், வெள்ளைத் துணியில் கட்டி, என் மடியில். விமான நிலையத்தில் மற்றவர்கள் வந்து சேர்ந்தபோது முகமெல்லாம் வெயிலில் கறுத்து, கையில் மர யானைகளும் பட்டுத் துணிகளும் வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் சிலர் அவற்றைப் பைக்குள் வைத்தார்கள். இரண்டு பெண்கள் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். விமானத்தில் சட்டியை மேலே பெட்டிகளோடு வைக்கப் போனபோது, கீழே உட்கார்ந்திருந்தவர், தன் தலைக்கு மேல் வேண்டாம் என்று டூர் லீடரிடம் மெதுவாகச் சொன்னார். டூர் லீடர் அதை வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டு வந்தார். எல்லையில் அக்கா இறந்த பிறகு, அந்தப் பயணத்தில் அவர் மைக்கைத் தொடவே இல்லையாம். புடவைக்கடைக்காரர் சொன்னார்.

கட்டுநாயக்காவில் இளைய மகன் காத்திருந்தார். சட்டியை இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். பிறகு அக்காவின் பெட்டியை வாங்கி வேனில் ஏற்றினார். அவர்களுடைய வேன் போய்விட்டது.

இறந்து மூன்றாம் மாதம் பிக்குமாருக்கு அன்னம் கொடுக்கும் தானத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கு மலையில் நல்ல மழை, பஸ் ஓடவில்லை, போக முடியவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து இளைய மகன் மோட்டார் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தார். ஒரு பெட்டியில் கொக்கிஸும் மற்றப் பலகாரமும் கொண்டுவந்திருந்தார். தேயிலைக் கொழுந்து விலை, மண்சரிவு எச்சரிக்கை என்று கொஞ்சம் பேசினார். பிறகு, எரித்த அன்று மழை பெய்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். ஓதினார்களா என்றார். நல்லபடியாக ஓதினார்கள், தண்ணீரும் ஊற்றினோம் என்றேன்.

"யாரெல்லாம் இருந்தாங்க டீச்சர்?"

பிக்குமார், வழிகாட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டு பெண்கள், விறகு அடுக்கியவர், நான் என்று சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். தரையைப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வதுபோல், "அப்போ நம்ம ஆளுன்னு ஒருத்தர்கூட இருக்கல," என்றார்.

என்னை நோகடிக்கச் சொல்லவில்லை. தாயைத் தனியே விட்ட வேதனையில் வந்த சொல் அது. அந்த நேரமே எனக்கு அது தெரிந்தது.

"இல்லதான்," என்றேன். எழுந்து உள்ளே போய், தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைத்தேன்.